ஸ்பீக்கர் கம்பிக்கு எவ்வளவு செலவழிக்கலாம்?

நேயர்களுக்கு வணக்கம்.

விலை உயர்ந்த கேபிள் போட்டால் பாட்டு இன்னும் நன்றாகக் கேட்குமா? ஹை-ஃபை வைத்திருக்கும் இரண்டு பேர் சந்தித்தால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேபிளால் ஒலி மாறும். அதை மாற்றுவது கம்பியின் தடிமனும் நீளமும், மின்தேக்குத்திறனும் (மின்னூட்டத்தைத் தேக்கிவைக்கும் தன்மை), முனைகளின் இறுக்கமும். விலை கூடியதால் இவை தாமாகச் சிறப்பதில்லை.

ஸ்பீக்கர் கம்பியைப் பார்ப்போம். ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கர் 5 மீட்டர் தள்ளி இருந்தால், மின்னோட்டம் போய்த் திரும்ப 10 மீட்டர் செம்பைக் கடக்க வேண்டும். 0.5 சதுர மில்லிமீட்டர் மெல்லிய கம்பி என்றால் மின்தடை ஏறக்குறைய 0.34 ஓம். 2.5 சதுர மில்லிமீட்டர் கம்பியில் அது 0.07 ஓம்தான். ஸ்பீக்கரின் பின்னால் 8 ஓம் என்று எழுதியிருக்கும். ஆனால் அந்த 8 எல்லா ஸ்வரத்துக்கும் ஒன்றாக நிற்பதில்லை. ஓரிடத்தில் 30 ஓம் வரை ஏறும், இன்னோரிடத்தில் 5 ஓமுக்கு இறங்கும். இறங்குகிற இடத்தில் மெல்லிய கம்பி சிக்னலைக் கூடுதலாகத் தின்றுவிடும். இதனால் அதிர்வெண்களுக்கு இடையே அரை டெசிபலை நெருங்கும் ஏற்றத்தாழ்வு வரலாம். பழகிய காது இதைக் கண்டுபிடித்துவிடக்கூடும். தடித்த கம்பியில் அதே ஏற்றத்தாழ்வு 0.1 டெசிபல் அளவுக்குச் சுருங்கிவிடும்.

அதற்கு மேல் பணம் போட்டால் என்ன கிடைக்கும்? வெள்ளி, செம்பைவிடச் சுமார் 6 சதவீதம் நன்றாக மின்சாரம் கடத்தும். அந்த லாபத்தைச் செம்புக் கம்பியையே கொஞ்சம் தடிமனாக வாங்கிப் பெற்றுவிடலாம். ஆக்சிஜன் நீக்கிய செம்புக்கும் வழக்கமான மின்கம்பிச் செம்புக்கும் கடத்துதிறனில் வித்தியாசம் ஏறக்குறைய 1 சதவீதம். கேபிளின் மேலே அச்சிட்ட அம்புக்குறி பற்றியும் கேட்பார்கள். இசை ஒரு மாறுதிசை மின்னோட்டம். விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திசை மாறுகிறது. ஸ்பீக்கர் கம்பியில் அந்த அம்புக்கு வேலை இல்லை. ஆனால் ஷீல்டை (இரைச்சலைத் தடுக்கும் உலோக உறை) ஒரு முனையில் மட்டும் இணைத்திருக்கும் சில சிக்னல் கேபிள்களில் எந்த முனை எந்தப் பக்கம் என்று சொல்ல அது உதவும்.

கேபிள் உண்மையாகவே ஒலியின் குணத்தை மாற்றும் இடம் ரெக்கார்ட் பிளேயர். ஊசியின் அசைவை மின் சிக்னலாக்கும் மூவிங் மேக்னட் கார்ட்ரிட்ஜின் சுருளில் அரை ஹென்றி மின்தூண்டல் இருக்கலாம். கேபிளும் ஆம்ப்ளிஃபயரில் ரெக்கார்ட் பிளேயரைச் செருகும் ஃபோனோ உள்ளீடும் சேர்ந்து 200 பிக்கோஃபாரட் மின்தேக்குத்திறன் கொடுத்தால் அந்தச் சுற்றின் ஒத்ததிர்வு (சுற்று தானாகத் தூக்கிக் காட்டும் அதிர்வெண்) 16,000 ஹெர்ட்ஸுக்கு அருகில் விழும். நீளமான கேபிளைப் போட்டு அதை 400 ஆக்கினால் 11,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். மேல் ஸ்தாயியின் மினுமினுப்பே வேறாகிவிடும். இங்கே தேவை குட்டையான, மின்தேக்குத்திறன் குறைந்த கேபிள். டிஜிட்டல் இணைப்புகளில் நிலைமை வேறு: மோசமான கேபிளில் சத்தம் விட்டுவிட்டு வரும், படம் கண் சிமிட்டும். குரல் கரகரப்பாகவோ இனிப்பாகவோ மாறாது.

அப்படியானால் புதுக் கேபிள் போட்டதும் வித்தியாசம் கேட்டதாகச் சொல்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லவே இல்லை. அவர்களுக்குக் கேட்டது கேட்டதுதான்; காரணத்தை வேறு இடத்திலும் தேட வேண்டும் என்கிறேன். பழைய கேபிளைக் கழற்றிப் புதியதைச் செருகும்போது முனையில் படிந்த ஆக்சைடு உராய்ந்து போகிறது. அதே பழைய கேபிளைக் கழற்றி மறுபடி மாட்டியிருந்தாலும் அந்தத் தெளிவு வந்திருக்கும். மாற்றிமுடிக்கச் சில நிமிடம் ஆகிறது. நுணுக்கமான ஒலிநயத்தைக் காது அத்தனை நேரம் நினைவில் வைத்திருக்காது. திரும்ப உட்காரும்போது தலை ஒரு சாண் தள்ளியிருந்தால் மேல் அதிர்வெண்கள் வேறு மாதிரி வந்து சேரும். இவற்றோடு விலை தெரிந்திருப்பதும் கேட்பதில் கலந்துவிடுகிறது. அது நம் எல்லோருடைய மூளையும் வேலை செய்யும் விதம்.

இதற்காகத்தான் அமெரிக்க ஒலிப் பொறியாளர் டேவிட் கிளார்க் 1982-ல் ஏபிஎக்ஸ் ஒப்பீட்டுக் கருவியை விவரித்து எழுதினார். ஏ ஒரு பொருள், பி இன்னொரு பொருள், எக்ஸ் இரண்டில் ஏதோ ஒன்று. எது என்று கேட்பவர் காதால் மட்டும் சொல்ல வேண்டும். இரண்டின் ஒலியளவும் 0.1 டெசிபலுக்குள் பொருந்தியிருக்க வேண்டும், ஏனென்றால் துளி சத்தம் கூடினாலும் அதுவே நல்ல ஒலியாகத் தோன்றும். இதை வீட்டிலேயே செய்யலாம். ஒருவர் நாணயத்தைச் சுண்டிப் பார்த்து உங்கள் கண்ணில் படாமல் கேபிளை மாற்றட்டும். 16 தடவையில் 12 சரியாகச் சொன்னால், அது வெறும் குருட்டாம்போக்கில் நடந்திருக்கும் வாய்ப்பு 4 சதவீதத்துக்கும் குறைவு. அப்படிச் சொல்ல முடிந்தவர் அந்தக் கேபிளைத் தாராளமாக வாங்கட்டும்.

எனக்கு உறுத்துவது ஒன்றுதான். இசைக்கென்று ஆசையாகச் சேர்த்த பணம் கம்பியில் போய்விட்டால் ஸ்பீக்கருக்கு மிச்சம் இருக்காது. 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். தூரம் அதிகமானாலோ 4 ஓம் ஸ்பீக்கரானாலோ 4 சதுர மில்லிமீட்டர் எடுங்கள். முனைகளைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். பிறகு ஸ்பீக்கரைச் சுவரிலிருந்து ஓர் அடி முன்னால் இழுத்து, நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றைப் போடுங்கள். கீழ் ஸ்தாயியில் அறையால் வரும் மேடுபள்ளம் 10 டெசிபலைக்கூடத் தாண்டும். அந்த ஓர் அடியில் அது இடம் மாறுவதைப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரும் சொல்லிவிடுவார்.

வணக்கம்.