நாய்க்கு மெத்தை, ஆட்டுக்குக் கத்தி: முரணா? முறையா?

(ஆடித் திருவிழாப் பட்டிமன்றம், சேலம். 'முறையே' அணியின் உரை)

நடுவர் அவர்களே, வணக்கம். எதிரணிக்கும் வணக்கம். வண்டி வேடிக்கை பார்த்த கண்ணோடும் தட்டுவடை செட் வாங்கிய கையோடும் வந்து உட்கார்ந்திருக்கும் சேலத்து மக்களுக்கு மட்டும் இரண்டு வணக்கம்.

சிலதை மடியில் வைத்துக் கொஞ்சுகிறோம், சிலதைக் குழம்பில் போடுகிறோம். முறைதான் என்று பேச வந்தவன் நான். நான்கு குறிப்பு எழுதி வந்தேன். எதிரணித் தலைவி அம்மா பேசியதைக் கேட்டபிறகு மூன்றை மடித்துப் பையிலேயே வைத்துவிட்டேன்.

அம்மா என்ன சொன்னார்கள்? எங்கள் நாற்காலிப் பக்கம் கையை நீட்டி, "கறி தின்ற கையைக்கூடக் கழுவாமல் நாயைத் தடவிக் கொடுக்கும் உத்திராட்சப் பூனைகள்" என்றார்கள். கூட்டமே சிரித்தது. எங்கள் அணியிலும் ஒருவர் சிரித்தார். அவரை அப்புறம் விசாரித்துக்கொள்கிறேன்.

அதோடு நிறுத்தியிருந்தால் அம்மா ஜெயித்திருப்பார்கள். அடுத்த மூச்சிலேயே, "எங்கள் வீட்டுக்குள் முட்டைகூட ஏறாது, எங்கள் பாரசீகப் பூனைக்கும் தயிர்சாதம்தான்" என்றார்கள். மாமல்லபுரத்துப் பாறையில் கையைத் தூக்கிக்கொண்டு ஒரு பூனை தவம் செய்கிறது, காலடியில் எலிகள். பல்லவர் காலத்துச் சிற்பிக்கே தெரிந்திருக்கிறது, தவம் கலைந்தால் பூனை எங்கே போகும் என்று. அம்மாவுக்குத் தெரியவில்லை!

நடுவர் அவர்களே, நாய்க்குச் சோறு செரிக்கும். மனிதனோடு பல்லாயிரம் வருஷம் கிடந்து மாவுப்பொருளைச் செரிக்கக் கற்றுக்கொண்டது. பூனை அந்த அளவுக்குக் கற்றுக்கொள்ளவில்லை. டாரின் என்று ஒரு பொருள். அது இறைச்சியில் உண்டு, மீனில் உண்டு. அரிசியில் கிடையாது, தயிரிலும் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. பூனையின் உடம்பு அதைத் தேவைக்குத் தகுந்தபடி தானே செய்துகொள்ளாது. மாதக்கணக்கில் கிடைக்காவிட்டால் விழித்திரை கெட்டுப் பார்வை போகும். இதயத்தசையும் தளர்ந்து, ஊதிப்போய், ஒருநாள் நின்றுவிடும். இந்த இதயநோய்க்கு டாரின் குறைவுதான் காரணம் என்று கண்டுபிடித்தது 1987இல். கேரட்டைக் கொடுத்தால் நாம் வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்வோம். பூனைக்கு அதுவும் முடியாது.

சரி, கறியைக் கொடுத்துவிடலாம் என்றால் அதிலும் சூட்சுமம் இருக்கிறது. டாரின் தண்ணீரில் கரையும். கோழியை வேகவைத்து, தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றிவிட்டுச் சக்கையை வைத்தால் பாதிச் சத்து சாக்கடைக்குத்தான் போகும். அந்தத் தண்ணீரோடு சேர்த்து வைக்க வேண்டும். நெஞ்சுக்கறியைவிடத் தொடையிலும் இதயத்திலும் டாரின் அதிகம். ஆசைப்படுகிறதே என்று தினமும் ஈரலாகவே போட்டால் வைட்டமின் ஏ மிஞ்சிப்போய்க் கழுத்தெலும்பு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பூனையால் தலையைத் திருப்ப முடியாது.

அப்படியானால் அம்மா வீட்டுப் பூனை எப்படிப் பளபளவென்று இருக்கிறது? அவர்களே வாய்தவறிச் சொன்னார்கள், "ரெண்டுவேளையும் கூடவே கொஞ்சம் பாக்கெட் தீனி." அம்மா, இன்றைக்கு வீட்டுக்குப் போய் அந்தப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். பொடி எழுத்தில் கோழி என்றோ மீன் என்றோ போட்டிருக்கும். தொடையையும் நெஞ்சையும் எங்கள் அணி தின்றதுபோக மிச்சத்தைக் காய்ச்சி, உலர்த்தி, அரைத்த தூள் அது. கோழி ஒன்றுதான். பிரியாணி எங்களுக்கு, தூள் உங்கள் பூனைக்கு. உங்கள் வீட்டு நடுக்கூடத்தில் தினம் ரெண்டுவேளை அசைவம் நடக்கிறது, தட்டு மட்டும் தரையில் இருக்கிறது!

கைதட்டாதீர்கள், என் நேரம் போகிறது.

புலால் மறுத்தல் அதிகாரத்தின் பத்துக் குறளையும் எதிரணியில் ஒரு தம்பி ஒப்பித்தார். அந்தப் பத்துக்கும் நான் எழுந்து நிற்கிறேன். ஆனால் தம்பி, அதில் பூனைக்கு ஊன் வாங்கலாம் என்று பதினோராவது குறள் இருக்கிறதா?

செல்லத்துக்கும் கறிக்கும் நடுவே கோடு எங்கே என்று எதிரணியில் கேட்டார்கள். ஊருக்கு ஊர் கோடு வேறு. பெரு நாட்டு மலையில் கினிப்பன்றி அடுப்படியிலேயே வளரும், அடுப்பிலேயே வேகும். தென்கொரியாவில் நாய்க்கறி வியாபாரத்தைத் தடுத்து 2024இல் சட்டம் போட்டார்கள். 2027இல்தான் தடை முழுசாக நடப்புக்கு வருகிறது. அங்கே கோடு நம் கண்ணெதிரே நகர்கிறது. நம் ஊரில் உணவுச் சட்டத்தின் பட்டியலில் ஆடு உண்டு, நாய் இல்லை. இதை விரித்துப் பேச எனக்கு ஆசை இல்லை, உங்களுக்கும் இல்லை என்று முகத்தில் தெரிகிறது.

முறை என்றேனே, முறை எங்கே இருக்கிறது? 2001ஆம் ஆண்டு அறுவைக்கூட விதிகளில் இருக்கிறது. சினை ஆட்டை அறுக்கக் கூடாது. மூன்று மாதத்துக்குட்பட்ட குட்டியை அறுக்கக் கூடாது. அப்படிக் குட்டியை வைத்திருக்கும் தாயையும் கூடாது. அறுக்கும் முன் சோதிக்கும் கால்நடை மருத்துவர் மணிக்குப் பன்னிரண்டு பிராணிக்குமேல் பார்க்கக் கூடாது, அவசரத்தில் பார்த்தால் நோய் தப்பிவிடும். பார்த்தபின் 24 மணிநேரம் ஓய்வு. ஒன்றின் கண்ணெதிரே இன்னொன்றை அறுக்கக் கூடாது.

ஓய்வு எதற்கு? இரக்கம் மட்டும் காரணமில்லை. மிரண்டு ஓடிவந்த ஆட்டின் தசையில் சர்க்கரைச்சத்து தீர்ந்திருக்கும். அறுத்தபின் கறியில் புளிப்பு ஏறாது. கறி கறுத்து, சீக்கிரமே கெட்டு நாறும். ஆட்டை மிரட்டினவன் சட்டிக்கும் அது வந்து சேரும். நாம் எத்தனை பேர் கறிக்கடையில் மருத்துவர் சோதித்த முத்திரையைப் பார்த்து வாங்குகிறோம்? எலும்பு எத்தனை போட்டார் என்றுதான் பார்க்கிறோம். இது எங்கள் அணிக்கே நான் கொடுக்கும் குட்டு.

சரி, கதைக்கு வருகிறேன். ஜலகண்டாபுரம் பக்கம் ஒரு தறிக்காரர் குடும்பம். பையனுக்குக் காய்ச்சல் இறங்காததால், முனியப்பனுக்குக் கிடா வெட்டுவதாக வேண்டிக்கொண்டார்கள். காய்ச்சல் இறங்கியது. கொங்கணாபுரம் சனிச்சந்தையில் நல்ல கருங்குட்டி ஒன்று பிடித்துவந்தார்கள். சேலம் கருப்பு, பெயரே நம் ஊர்ப் பெயர். இரண்டு வருஷம் வளர்த்து வெட்டுவது என்று ஏற்பாடு.

அங்கேதான் தப்பு நடந்தது. பிள்ளைகள் அதற்குச் 'சிண்டு' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

பெயர் வைத்ததும் செல்லம் வந்தது, செல்லத்தோடு சோறு வந்தது. பொங்கலன்றைக்குப் பாசத்தில் ஒரு குண்டான் சர்க்கரைப்பொங்கலை வைத்தார்கள். ஆட்டின் வயிற்றுக்கு இலைதழை வேண்டும். சோறு கொத்தாகப் போனால் உள்ளே புளித்து அமிலமாகிவிடும். அசை நிற்கும், வயிறு உப்பும், கழிச்சல் கண்டு படுத்துவிடும். சிண்டும் படுத்தது. கால்நடை மருத்துவர் வந்து, சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்துப் புகட்டி, ஊசி போட்டு எழுப்பினார். கத்தி கொல்வதற்கு முன்னால் பாசம் கொன்றிருக்கும்!

அன்றிலிருந்து அந்த வீட்டு ஆயா சிண்டை யார் கையிலும் விடவில்லை. அகத்திக்கொத்தை உயரத்தில் கட்டித் தொங்கவிட்டது ஆயா. ஆட்டுக்கொல்லிக்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட மருத்துவமனைக்கு இழுத்துப் போனது ஆயா. இன்னொன்றும் செய்தது. தினமும் காலையில் குழாயடியில் நிறுத்தி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றி, சீயக்காய் தேய்த்து, பழைய துண்டால் துவட்டிவிட்டது. ஆடு நாறக் கூடாதாம்.

நாள் வந்தது. மாலை போட்டு, மஞ்சள் பூசி, 'சின்ன யானை' வண்டியில் ஏற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோனார்கள். முறை தெரியுமல்லவா? மஞ்சள் தண்ணீர் தெளித்ததும் கிடா உடம்பை உதற வேண்டும். துலுக்கினால்தான் சாமி உத்தரவு, துலுக்காவிட்டால் கத்தி ஏறாது.

பூசாரி தெளித்தார். சிண்டு நின்றது. முதுகுத்தண்டோடு ஊற்றினார். நின்றது. காதுமடலில் ஊற்றினார், காதில் ஊற்றினால் எந்த ஆடும் உதறும். சிண்டு கண்ணை மூடிக்கொண்டது. ஒரு குடம் காலி. பங்காளி ஒருவர் "சாமிக்குக் குறை இருக்குது" என்றார். இன்னொருவர் "போன வருஷத்து வரிப்பாக்கி" என்றார். பூசாரி உடுக்கை அடித்தார். மூன்றாவது குடமும் தீர்ந்தது. சிண்டு மெதுவாகத் தலையைத் திருப்பி, கூட்டத்தில் ஆயாவைத் தேடியது.

ஐயா, ஆடு தண்ணீருக்கு அருவருக்கும், அதனால்தான் உதறும். இந்த ஆட்டுக்கு இரண்டு வருஷமாகத் தண்ணீர் என்றால் குளியல். அது சீயக்காய்க்குக் காத்து நிற்கிறது!

மத்தியானம் மூன்று மணிக்குப் பக்கத்தில் வேறு ஒரு கிடா வாங்கினார்கள். ஒரு கை தண்ணீருக்கே துலுக்கியது. பந்தி நடந்தது. ஆயாவும் உட்கார்ந்து சுவரொட்டி, அதாவது மண்ணீரல், கேட்டு வாங்கித் தின்றது, சிண்டைப் பக்கத்துத் தூணில் கட்டிவைத்துக்கொண்டு. அம்மா, இதை நீங்கள் முரண் என்பீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். ஆனால் அந்தப் பந்தியில் ஆயா முன்னால் போய்ச் சொல்ல உங்களுக்குத் தைரியம் இருக்கிறதா?

நடுவர் மணியடித்துவிட்டார். ஒரு நிமிஷம், ஐயா.

அடுத்த ஐப்பசியில் ஆயா படுத்துவிட்டது. இருபது நாள். சிண்டு காலையில் தானாகக் குழாயடிக்குப் போய் நிற்கும், கொஞ்சநேரம் பார்க்கும், திரும்பி வந்து கட்டிலுக்குக் கீழே படுக்கும். ஆயா போய்ச் சேர்ந்தது. காரியம் எல்லாம் முடிந்து, ஆறேழு வாரம் கழித்து, மருமகளுக்கு மனசு கேட்கவில்லை. சொம்பை எடுத்தாள், குழாயடிக்குக் கூட்டிப்போனாள், முதுகில் ஊற்றினாள்.

சிண்டு துலுக்கியது. தலையிலிருந்து வால்வரைக்கும், தண்ணீர் சுவரெல்லாம் தெறிக்க.

தறி நின்றது. வீட்டில் அத்தனை பேரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். வேண்டுதல் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது, சாமி உத்தரவும் கிடைத்துவிட்டது. தறிக்காரர் உள்ளே போனார். ஆயாவின் பழைய துண்டை எடுத்துக்கொண்டு வந்தார்.

நன்றி, வணக்கம்.