பிரைமர் என்னும் சொல்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட சொல் பிரைமர். பெயின்ட் கடையிலும் உயிரியல் ஆய்வகத்திலும் அன்றாடம் புழங்கும் சொல் இது. முதல் என்னும் பொருள்தரும் இலத்தீன் வேரிலிருந்து பிறந்த இச்சொல், இடைக்கால இங்கிலாந்தில் இல்லறத்தார் வைத்திருந்த வழிபாட்டு நூலைக் குறித்தது. அந்நூலைக் கொண்டே பிள்ளைகளும் எழுத்துக்கூட்டிப் படித்ததால், முதற்பாட நூலுக்கும் அதுவே பெயராயிற்று. நம் திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் வைத்து எழுதிய பிள்ளைகளுக்கு வாய்த்த அரிச்சுவடியும் அத்தகையதே. எழுத்து கைவந்தபின் அதை யாரும் தேடுவதில்லை.

முதலில் இடப்படும் பொருள் பிறகு தங்குகிறதா, நீங்கிவிடுகிறதா என்று கேட்டுப் பார்ப்பதே இச்சொல்லின் பல பயன்களைப் பிரித்தறிய நல்ல வழி என்பது என் கருத்து.

சுவரில் வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக அடிக்கும் பிரைமர் தங்கிவிடுகிறது. புதிதாகப் பூசிய சிமென்ட் சுவர் தண்ணீர் தெளித்த நொடியிலேயே உறிஞ்சிக்கொள்ளும். தடவினால் விரலில் மாவுபோல் பொடி ஒட்டும். அதன்மேல் நேரே வண்ணம் அடித்தால் திட்டுத்திட்டாக இறங்கி, சுவரின் காரத்தால் நிறம் வெளுத்து, செதில் செதிலாக உரியும். எங்கள் வீட்டில் அவசரத்தில் பிரைமர் அடிக்காமல் விட்ட ஒரு சுவர் அடுத்த மழைக்காலத்திலேயே உரிந்ததைக் கண்ட பின்புதான், பெயின்டர்கள் அதை ஏன் அவ்வளவு வற்புறுத்துகிறார்கள் என்று எனக்குப் புரிந்தது. இதே வேரிலிருந்து வந்த பிரைமிங் என்ற சொல் கிணற்று மோட்டாரிலும் உண்டு; குழாயில் நாம் ஊற்றும் தண்ணீர் காற்றை வெளியேற்றிவிட்டுத் தானும் ஓடிவிடுகிறது.

உயிரணுவுக்குள் நடப்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மரபுச் செய்தியைத் தாங்கும் இழையான டிஎன்ஏவைப் படியெடுக்கும் பாலிமரேஸ் நொதிக்கு ஒரு படியைத் தானாகத் தொடங்கும் ஆற்றல் இல்லை. முன்பே இருக்கும் இழையின் நுனியில்தான் அது எழுத்துகளை, அதாவது இழையின் அடிப்படை அலகுகளை, ஒவ்வொன்றாகச் சேர்க்கும். ஆகவே பிரைமேஸ் என்னும் வேறொரு நொதி டிஎன்ஏவை ஒத்த ஆர்என்ஏவின் சிறு துண்டு ஒன்றைப் பிரைமராக முதலில் வைக்கிறது. மனித உயிரணுக்களில் அது ஏறத்தாழ 10 எழுத்து நீளமே. கேரி மல்லிஸ் 1983இல் கண்டறிந்து 1993இல் நோபல் பரிசு பெற்ற, டிஎன்ஏவின் ஒரு பகுதியை ஆய்வகத்தில் பல படிகளாகப் பெருக்கும் பிசிஆர் முறையிலும், ஏறத்தாழ 20 எழுத்துள்ள இரண்டு பிரைமர்களே எந்தப் பகுதியைப் பெருக்க வேண்டும் என்பதை வரையறுக்கின்றன. ஆனால் அவை டிஎன்ஏ துண்டுகள், ஒவ்வொரு படியிலும் அப்படியே தங்கிவிடுகின்றன. கொரோனா காலத்தில் நம் மூக்கிலிருந்து எடுத்த மாதிரியில் வைரஸின் பகுதியைத் தேடிப் பிடித்தவை இத்தகைய பிரைமர்களே.

உயிரணுவிலோ பிரைமர் அகற்றப்பட்டு, அவ்விடம் டிஎன்ஏவால் நிரப்பப்படுகிறது. ஆனால் டிஎன்ஏ சுருண்டிருக்கும் குரோமோசோமின் கடைசி நுனியில் வைத்ததை எடுத்துவிட்டால், அங்கிருந்து நிரப்பிக்கொண்டு வர முன்னால் இழையே இல்லை. அதனால் உயிரணு பிரியும் ஒவ்வொரு முறையும் நுனி சிறிது குறைகிறது. அந்த இழப்பைத் தாங்கிக்கொள்ளவே டிலோமியர் என்னும் திரும்பத் திரும்ப வரும் எழுத்துத் தொடர் நுனியில் அமைந்திருக்கிறது. அதை நீட்டித் தரும் டிலோமரேஸ் நொதி நம் உடலின் பெரும்பாலான உயிரணுக்களில் அடங்கியே இருக்கிறது.