பல்லிக்குப் போன என் மகள்

வணக்கம். பாடம் முடிந்த கையோடு உட்கார்ந்து பேசுகிறேன். மகள் பக்கத்து அறையில் படம் வரைந்துகொண்டிருக்கிறாள். நடுவில் அவள் குரல் கேட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலேயே பாடம் சொல்லிக்கொடுப்பதில் ஒரு சங்கடம் உண்டு. மேசைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், அவ்வளவுதான். ஒளிந்துகொள்ள அவளுக்கு வேறு பிள்ளைகள் இல்லை. விடை சரியா தப்பா என்பதைத் தன் நோட்டில் அவள் தேடுவதே இல்லை, என் முகத்தில் தேடுகிறாள். புருவம் லேசாக நெரிந்தால் போதும், ரப்பரை எடுத்து சரியான விடையையும் சேர்த்து அழித்துவிடுவாள். இதை நான் கவனிக்கவே பல மாதம் ஆனது.

போன வாரம் சொல்வதெழுதுதல். "நான் பள்ளிக்குப் போனேன்" என்று சொன்னேன். "நான் பல்லிக்குப் போனேன்" என்று எழுதியிருந்தாள். நான் சிவப்பு மையால் சுழிக்கவில்லை. செய்தி வாசிப்பது மாதிரி, எழுதியதை அப்படியே உரக்க வாசித்தேன். "சுவர் மேல் ஏறியா போனாய்?" என்று கேட்டேன். ஒரு நொடி முழித்தாள். அப்புறம் சிரிப்பு வெடித்தது. "ஐயோ, அது ள!" என்று அவளே திருத்தினாள். நாக்கு நுனி மேல்பல்லின் அடியைத் தொட்டால் ல, நாக்கு மடங்கி அண்ணத்தைத் தொட்டால் ள என்று அப்போது சொன்னேன், சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவளாகவே தேட ஆரம்பித்தாள். "அரசன் வாலை உருவினான்" என்பது அவள் கண்டுபிடிப்பு. வாளை உருவ வேண்டிய அரசன், பாவம். அன்று மாலை வரை வீட்டில் அந்த வால்தான் பேச்சு.

கணக்குக்கு வேறு மாதிரி. 52-இல் 27 போனால் 35 என்று போட்டாள். கவனக்குறைவு என்று முன்பெல்லாம் திட்டியிருப்பேன். அது கவனக்குறைவு இல்லை. 2-இலிருந்து 7-ஐ எடுக்க முடியாதே என்று 7-இலிருந்து 2-ஐ எடுத்திருக்கிறாள், அவளிடம் ஒரு விதி இருக்கிறது. ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1978-லேயே இதை எழுதியிருக்கிறார்கள்: பிள்ளைகளின் கழித்தல் தப்புகள் பலவற்றில் ஒரு ஒழுங்கு உண்டு. அதனால் நான் 2-ஆக மாறி, மெல்லிய குரலில், "என்னிடம் இருப்பதே இரண்டு, ஏழு கேட்கிறாயே, எங்கே போவேன்?" என்று புலம்பினேன். "பக்கத்து வீட்டு அஞ்சுகிட்ட ஒரு பத்து கடன் வாங்கு!" என்று கத்தினாள். விடை 25 வந்துவிட்டது. வேடிக்கைக்குள்ளேயே வழியும் இருக்க வேண்டும். வெறுமனே சிரிக்க வைத்தால் தப்பு அப்படியே நிற்கும்.

சரி, தப்பை வேடிக்கையாகத் திருத்தும் இந்த வழி ஒரு நாள் மோசமாகப் போனதையும் சொல்ல வேண்டும். அவள் களைத்திருந்தாள், அடுத்தடுத்து மூன்றாவது தப்பு. நான் வழக்கம்போல வேடிக்கைக் குரலில் ஆரம்பித்தேன். கண் நிறைந்துவிட்டது. "என்னைப் பார்த்துச் சிரிக்கிறியாம்மா?" என்றாள். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் வலிக்கிறது. புத்தகத்தை மூடி மடியில் உட்கார வைத்துக்கொண்டேன். கணக்கு பற்றிய பயம், கணக்குப் போடும்போது மனதில் எண்களைப் பிடித்துவைக்கத் தேவையான இடத்தையே தின்றுவிடுகிறது என்று 2001-இல் ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் ஓர் ஆய்வில் காட்டினார்கள். பயத்தைக் குறைக்கத்தான் சிரிப்பு, அதுவே பயமாகிவிட்டால் எதற்கு? இப்போது அவள் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாய் திறக்கிறேன். உறவினர் முன்னால் அவள் தப்பை வேடிக்கையாகச் சொல்வதையும் நிறுத்திவிட்டேன். பல்லிக் கதையை உங்களிடம் சொல்லலாமா என்று அவளிடம் கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.

நேற்று "மலை பெய்தது" என்று எழுதினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. தானே வாசித்துப் பார்த்தாள். "அம்மா, இதுக்குக் குடை தாங்காது" என்று சொல்லிவிட்டு, லை-யை அடித்து ழை போட்டாள்.