மே மாதத்திலும் இலை உதிர்க்காத காடு! ஈசிஆரில் எல்லோரும் கவனிக்காமல் போகும் ஐயனார் காடு

[திரையில்: உச்சி வெயிலில் நெடுஞ்சாலை, ட்ரோன் காட்சி]

அக்னி நட்சத்திரம், மே மாதம், நண்பகல். புதுச்சேரியிலிருந்து மரக்காணம் போகும் ஈசிஆரின் இரண்டு பக்கமும் பாருங்கள். காய்ந்த புல், முந்திரி, சவுக்கு. நடுவில் திடீரென்று ஒரு கரும்பச்சைத் திட்டு. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, உரம் போடவில்லை. ஆனாலும் அந்த மரங்கள் ஆடி மாதம் வரைக்கும் அசராமல் பச்சையாகவே நிற்கும். எப்படி?

வணக்கம் மக்களே! இன்று நாம் போவது விழுப்புரம் மாவட்டம் கீழ்புத்துப்பட்டு. மஞ்சனீஸ்வரர் ஐயனார் கோயிலும் அதைச் சுற்றியிருக்கும் காடும். சென்னையிலிருந்து வருபவர்களுக்கு மரக்காணம் தாண்டி, புதுச்சேரிக்குச் சற்று முன்னால் வரும். நிறைய குடும்பங்களுக்கு இவர்தான் குலதெய்வம். மொட்டை, காதுகுத்து, பொங்கல் எல்லாம் உண்டு. தல வரலாறு சொல்ல வேறு சேனல்கள் இருக்கின்றன, நாம் காட்டுக்குள் போவோம்.

[திரையில்: மரங்களுக்கு இடையே ஒற்றையடிப் பாதை]

இந்த வகைக் காட்டை 'வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு' என்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகள் ஆண்டு முழுவதும் பச்சையாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை, அங்கே கொட்டுகிற மழை அப்படி. இங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 1200 மில்லிமீட்டர்தான். அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பருக்குள் புயலோடு வந்து போய்விடும். மீதி மாதங்களை மரம் சொந்தச் சாமர்த்தியத்தில் ஓட்ட வேண்டும்.

சரி, என்ன சாமர்த்தியம்? ஒரு இலையைத் தொட்டுப் பாருங்கள். தொடச் சொன்னேன், பறிக்கச் சொல்லவில்லை! சின்ன இலை, தோல் மாதிரி தடிமன், மேலே மெழுகுப் பூச்சு. வேர் ஆழமாக இறங்கியிருக்கும். மாதக் கடைசியில் பர்ஸை இறுக்கிப் பிடிக்கும் அம்மாக்கள் போல, வெயில் ஏறியதும் இலைத்துளைகளைச் சுருக்கிக்கொண்டு நீர் வெளியேறாமல் பார்த்துக்கொள்ளும். புது இலை போட மழைக்காகக் காத்திருக்காமல் பழைய இலையையே பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் இந்த மரங்களின் வழி. உயரத்தில் பேராசை கிடையாது. பெரும்பாலும் மாடி வீட்டு உயரத்தோடு நின்றுவிடும்.

இங்கே என்னென்ன மரங்கள்? வீரை, பாலை, நாவல் என்று பட்டியல் போட்டால் நீங்கள் அடுத்த வீடியோவுக்குப் போய்விடுவீர்கள். அதனால் ஒரே ஒரு மரம்.

[திரையில்: கிளை முழுக்க நீலப் பூக்கள், மிக நெருக்கத்தில்]

காயா! இந்தப் பக்கம் காசான் என்றும் சொல்வார்கள். திருமாலைக் 'காயாம்பூ வண்ணன்' என்று பாடுகிறோமே, அந்தக் காயா. கோடையில் பூக்கும். பூ நுனியில் மட்டும் வருவதில்லை, இலை விழுந்த பழைய கிளையின் மேலேயே கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு வரும். குச்சி தெரியாத அளவுக்கு நீலம். ஊதாவும் இல்லை, ஆகாய நீலமும் இல்லை. என் கேமராவுக்கு அந்த நிறம் பிடிபடவே இல்லை, எடிட்டிங்கில் எவ்வளவோ திருகியும் நேரில் பார்த்தது வரவில்லை. லாவெண்டர் தோட்டத்தில் நின்று ரீல் எடுக்க பிரான்சுக்கு டிக்கெட் பார்க்கும் நண்பர்களே, முதலில் திண்டிவனத்துக்குப் பேருந்து பிடியுங்கள். சங்கப் புலவர்கள் முல்லை நிலத்தைப் பாடும்போதெல்லாம் இந்தப் பூ வந்து நிற்கும். இலையிலிருந்து மஞ்சள் சாயம் எடுப்பார்கள். கட்டை இரும்பு மாதிரி உறுதி. நீலப் பூவும் மஞ்சள் சாயமும் தருகிற மரத்தை நம் ஊர்ப் பூங்காக்களில் ஏன் யாரும் நடுவதில்லை? விடை தெரிந்த தோட்டக்கலை நண்பர்கள் கமெண்டில் வந்து என்னோடு சண்டை போடலாம்.

அப்புறம் கொடிகள். இந்த வகைக் காடுகளில் மரத்துக்குச் சமமாகக் கொடிகளும் அதிகாரம் பண்ணும். மோதிரக்கண்ணி என்று ஒன்று, மஞ்சள் பூ. ஜோடி ஜோடியாகச் சுருண்ட கொக்கிகள் வைத்திருக்கும். பக்கத்துக் கிளையில் ஒரு கொக்கி மாட்டிவிட்டால் அது தடித்துக் கெட்டியாகிவிடும். அதைப் பிடித்துக்கொண்டு கொடி மேலே போகும்.

இலங்கையின் வன்னிப் பகுதிக் காட்டைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பாலையும் வீரையும் புதிதே இல்லை. இலங்கையின் வறண்ட வடக்கிலும் இதே மரங்கள்தான், பாலைப்பழம் அங்கே பெரிய விஷயம். கீழ்புத்துப்பட்டிலேயே ஈழத்தமிழர் மறுவாழ்வு முகாம் ஒன்றும் இருக்கிறது. கடல் தாண்டி வந்தும் அதே மரங்கள்!

இந்தக் காடு ஏன் வெட்டப்படாமல் மிஞ்சியது? ஒரே காரணம், பயம். ஐயனார் காட்டில் சுள்ளி ஒடிக்கக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. கடற்கரைச் சமவெளியில் இருந்த இந்தக் காட்டின் பெரும்பகுதி விறகாகவும் வயலாகவும் போனபோது, மிச்சம் நின்ற துண்டுகளில் பல சாமி பெயரில் இருந்தவைதான்.

அந்தத் துண்டுகள் என்ன செய்தன தெரியுமா? 1968இல் ஆரோவில் தொடங்கியபோது அந்த இடம் மழைநீர் அரித்துப் பள்ளம் பள்ளமாகக் கிடந்த செம்மண் மேடு. இன்று அங்கே காடு. முதலில் வேகமாக வளரும் வெளிநாட்டு மரங்களையும் வைத்தார்கள். பிறகு இந்த மண்ணின் மரங்களைத் திரும்பக் கொண்டுவர நினைத்தபோது, விதை எங்கே கிடைக்கும்? இப்படிப்பட்ட கோயில் காடுகளில்தான். ஐயனார் இல்லையென்றால் அந்தக் காட்டுக்கு விதை இல்லை. லைக் பட்டனை ஐயனாருக்காகவாவது அழுத்துங்கள்.

[திரையில்: வரைபடம்]

சுற்றுவட்டாரம். மரக்காணம் உப்பளங்கள் வழியிலேயே வரும். கழுவெளி ஏரியை 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். ஆனால் கோடையில் போனால் வெடித்த சேறுதான். பறவைக்கு மார்கழி, காயாம்பூவுக்குக் கோடை. இரண்டையும் ஒரே பயணத்தில் பார்க்க வழி இல்லை.

கட்டாயம் போக வேண்டிய இடம் திருவக்கரை. மயிலம் பக்கம், வக்கிரகாளியம்மன் கோயில் ஊர். அங்கே இருப்பதும் ஒரு காடுதான், ஆனால் கல். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய மரங்கள் மண்ணில் புதைந்து, மணலில் இருக்கும் சிலிக்கா ஏறிக் கல்லாகக் கிடக்கின்றன. கிளை இல்லை, வேர் இல்லை, பட்டை உரிந்த அடிமரம் மட்டும். எங்கேயோ வளர்ந்து, வெள்ளத்தில் உருண்டு வந்து இங்கே புதைந்திருக்க வேண்டும் என்று நிலவியலாளர்கள் சொல்வது இதனால்தான். ஆண்டு வளையம் மாதிரிக் கோடுகள்கூடச் சில கட்டைகளில் தெரியும். பார்த்தால் விறகு, தட்டினால் கல். இந்திய நிலவியல் ஆய்வுத் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. ஒரு சின்னத் துண்டு என்றாலும் பையில் போடாதீர்கள், குற்றம்.

புத்துப்பட்டுக்குத் திரும்புவோம், ஒரு குறை சொல்லியே ஆக வேண்டும். சாமி காட்டில் சுள்ளி ஒடிக்கப் பயப்படுகிற நாம், அதே காட்டுக்குள் கார் நிறுத்துகிறோம், பிரியாணிப் பொட்டலத்தையும் தண்ணீர் பாட்டிலையும் போட்டுவிட்டு வருகிறோம். தரையில் விழுந்த விதை முளைப்பதற்கு மண் தெரிய வேண்டாமா? சிமெண்ட் தளம் ஒவ்வொரு அடியாக நகர்ந்தாலும் அது மரம் வெட்டுவதுதான், கோடாரிச் சத்தம் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

போகிறவர்கள் ஏப்ரல், மே மாதங்களில் காலை ஏழு மணிக்குள் போங்கள். ஞாயிறு வேண்டாம், கூட்டம் அள்ளும். சாப்பிட்ட குப்பை உங்கள் வண்டியிலேயே திரும்பட்டும்.

உங்கள் குலதெய்வக் கோயிலில் காடு மிச்சம் இருக்கிறதா? ஊர்ப் பெயரோடு, அங்கே நிற்கும் ஒரு மரத்தின் பெயரையும் கமெண்டில் போடுங்கள். மரம் பெயர் தெரியாவிட்டால் ஊர்ப் பாட்டியிடம் கேட்டுவிட்டு வாருங்கள், நான் காத்திருக்கிறேன்.