கொழும்புக்குக் கொண்டுபோகும் கமரா

நேயர்களுக்கு வணக்கம். அட்டன், தலவாக்கலை, நுவரெலியா பகுதித் தோட்டங்களிலிருந்து பல இளைஞர்கள் இன்று கமராவும் கையுமாகக் கொழும்புக்கு இறங்குகிறார்கள். வெள்ளவத்தையில் ஒரு திருமணம், கொட்டாஞ்சேனையில் ஒரு பூப்புனித நீராட்டு விழா என்று வேலைக்குப் போகிறவர்களும், செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் ஆடிவேல் தேரைப் படம்பிடிக்கப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. அந்தக் கமரா பெரும்பாலும் தவணைக்கு வாங்கியது; சில வீடுகளில் அம்மாவின் தோடு அடகுக்குப் போன பிறகே அது வீட்டுக்குள் வந்திருக்கிறது. அதை எப்படிப் பத்திரமாகக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவது என்பதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

கமரா கழுத்தில் தொங்கும்போது களவு போவது குறைவு. நாம் அதைக் கீழே வைக்கும் அந்த ஓரிரு நிமிடங்களில்தான் போகிறது. இதை நான் புறக்கோட்டையில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கற்றுக்கொண்டேன். பையைக் கதிரையின் முதுகில் மாட்டிவிட்டுச் சோறு சாப்பிட்டேன். கை கழுவக் குழாயடிக்குப் போய்த் திரும்பியபோது பை மாட்டிய இடத்திலேயே இருந்தது. தோளில் போட்டபோதுதான் எடை குறைந்திருப்பது தெரிந்தது. பக்கத்து ஸிப் பாதி திறந்திருக்க, 50 மில்லிமீற்றர் லென்ஸ் இருந்த அறையில் அதைச் சுற்றியிருந்த மஞ்சள் துணி மட்டும் கிடந்தது. நம்மவர்கள் கையால் சாப்பிடுகிறவர்கள். வலது கை எச்சிலாக இருக்கும்போது பையைத் தொட மனம் வராது என்பதைக் களவெடுப்பவரும் அறிவார். அன்றிலிருந்து பையை இரண்டு கால்களுக்கும் நடுவே வைத்து, அதன் வாருக்குள் ஒரு பாதத்தை நுழைத்துக்கொண்டே சாப்பிடுகிறேன். கை கழுவப் போகும்போதும் அது தோளில்தான் இருக்கும்.

கெனன், நிக்கொன் என்று பெரிய எழுத்தில் பொறித்த தோள்வாரைக் கழற்றிவிட்டுச் சாதாரண வாரை மாட்டுங்கள். தடித்த துணியில் சுற்றிய கமராவுக்குப் பழைய பாடசாலைப் பையே போதும். புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவில், சிவப்பும் வெள்ளையுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசலைப் படம்பிடிக்க எல்லோரும் அண்ணாந்து நிற்பார்கள். கண் மேலே இருக்கும் அந்த நேரத்தில் பை முதுகில் இருக்கக் கூடாது, மார்புக்கு முன்னே வர வேண்டும். இரவு பஸ்ஸில் திரும்பும்போது பையை மேல்தட்டில் போட்டுவிட்டு உறங்குவது இன்னும் பெரிய தவறு. நீங்கள் கினிகத்தேனையில் கண்விழிக்கும்போது, அது அவிசாவளையிலேயே இறங்கிப் போயிருந்தாலும் யாருக்குத் தெரியும்? மடியில் வைத்து, வாரைக் கையில் சுற்றிக்கொள்ளுங்கள்.

கமரா போனால் கடன்பட்டாவது இன்னொன்று வாங்கலாம். ஒருவருடைய தாலிகட்டுப் படங்கள் போனால் எதைக் கொடுத்து ஈடுசெய்வது? ஆகவே வேலை முடிந்தவுடன் மெமரி காட்டைக் கழற்றி, கமராப் பையில் அல்லாமல், பொத்தான் போட்ட சட்டைப் பையில் வையுங்கள். இரண்டு காட் போடக்கூடிய கமராவாக இருந்தால் இரண்டிலும் ஒரே படம் பதியும்படி அமைத்து, திரும்பும்போது அவற்றை வெவ்வேறு ஆட்களிடம் கொடுத்து அனுப்புவது இன்னும் நல்லது.

ஈரப்பதனையும் மறக்க வேண்டாம். குளிரூட்டிய மண்டபத்திலிருந்து கொழும்பு வெக்கைக்கு வந்தவுடன் கமராவை வெளியே எடுத்தால் லென்ஸில் நீர் படியும். அரை மணி நேரம் பையை மூடியே வைத்திருந்தால் அந்தத் தொல்லை இல்லை.

என் லென்ஸ் போன அன்று பொலிஸ் நிலையத்தில் கேட்ட முதல் கேள்வி, அதன் தொடரிலக்கம் என்ன என்பது. "கறுப்பு நிறம், 50 மில்லிமீற்றர்" என்பதற்கு மேல் என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அப்படிப்பட்ட லென்ஸ் ஊரில் எத்தனையோ உண்டு. கண்டெடுத்தாலும் அது என்னுடையது என்று நிறுவ வழியில்லாமல் நின்றேன். கமராவின் இலக்கம் வழக்கமாக அதன் அடிப்பக்கத்தில் இருக்கும். பல கமராக்கள் எடுக்கும் ஒவ்வொரு படத்தின் தகவலிலும் அது தானாகவே பதிவாகும். எனவே கமரா போன பிறகும் பழைய படமொன்றிலிருந்து இலக்கத்தைத் தேடி எடுக்க முடியும். லென்ஸின் இலக்கத்தை மட்டும் நாமே பார்த்து எழுதிவைப்பதுதான் நிச்சயம். தொலைபேசியில் மட்டும் வைத்தால், பை போகும்போது அதுவும் சேர்ந்து போகலாம். என் வீட்டில் மின்கட்டணச் சீட்டுகள் வைக்கும் கோப்பில் எல்லா இலக்கங்களையும் ஒரு தாளில் எழுதி, பற்றுச்சீட்டுகளோடு சேர்த்து வைத்திருக்கிறேன். கொழும்பிலிருந்து அழைத்தால், என் மனைவி அதைப் பார்த்து வாசித்துச் சொல்வார். வணக்கம்.