மூடியைத் திறக்காமல் விலை சொல்லாதீர்கள்

நேயர்களுக்கு வணக்கம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில், ஒரு ஜவுளிக்கடைப் படிக்கட்டுக்கு அடியில், மூன்றடி அகலக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து நாற்பது வருஷமாக வாட்ச் ரிப்பேர் செய்கிறவன் நான். மைக் முன்னால் பேசிப் பழக்கமில்லை. கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டால் எதிரில் யார் நிற்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அந்தத் தைரியத்தில் பேசுகிறேன்.

போன மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு தம்பி வந்தார். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர், காலமாகி ஒரு வருஷம் ஆகிறது. பீரோவை ஒழித்தபோது புடவை மடிப்புக்குள்ளே ஒரு சீக்கோ ஃபைவ் கிடைத்ததாம். "அண்ணே, இது ஓடலை. ஆனா நெட்ல இதே வாட்சை இருபத்திரெண்டாயிரம்னு போட்டுக்கிறான். நானும் போட்டுர்றேன். நீங்க பளபளன்னு ஒரு பாலிஷ் மட்டும் போட்டுக் குடுங்க."

ஓடலை என்றாரே, அவர் இரண்டு நாளாகச் சாவி கொடுத்துப் பார்த்திருக்கிறார். அந்த வாட்சில் இருப்பது 7009 என்ற மிஷின். வாட்சுக்கு உள்ளே ஓடுகிற மொத்த இயந்திரத்தையும் எங்கள் தொழிலில் மிஷின் என்றுதான் சொல்வோம். 7009-க்குச் சாவி கொடுக்கவே முடியாது. நாலு மணி பக்கம் இருக்கும் குமிழைத் திருகினால் சும்மா சுற்றும், அவ்வளவுதான். கை ஆடும்போது உள்ளே ஒரு அரைவட்ட எடை சுற்றி, அதுதான் ஸ்பிரிங்கை ஏற்றும். பாலில் சர்க்கரை கரைக்கிற மாதிரி வாட்சைப் படுக்கவைத்து மெல்ல நாலு சுற்று சுற்றினேன். நொடிமுள் கிளம்பிவிட்டது. 'ரிப்பேர்' என்று எழுதி வந்த விலைக்குத் தள்ளியிருப்பார்.

அதை இப்போது கொண்டுவந்திருக்கிறேன். மைக்குப் பக்கத்தில் பிடிக்கிறேன், கேளுங்கள். நொடிக்கு ஆறு தட்டு. உங்கள் தாத்தாவின் சாவி வாட்சாக இருந்தால் பெரும்பாலும் ஐந்துதான். காதால் எண்ண முடியாது, ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் சுருதி வேறு என்று தெரியும். ஓடுகிறது என்பதாலேயே மிஷின் நன்றாக இருக்கிறது என்றும் நினைக்கக் கூடாது. ஆயில் காய்ந்து கிடந்தாலும் ஆட்டிவிட்டால் கொஞ்ச நேரம் ஓடும். ஒரு நாள் கையில் கட்டுங்கள், ராத்திரி கழற்றிப் படுக்கவைத்து, காலையில் எத்தனை நிமிஷம் முந்தியது, பிந்தியது என்று பாருங்கள். விற்கும்போது அந்தக் கணக்கை அப்படியே எழுதுங்கள்.

அடுத்து இருபத்திரெண்டாயிரம். அது ஒருவன் கேட்கிற விலை. மூர் மார்க்கெட் 1985-இல் எரிவதற்கு முன்னால் அங்கே பழைய சாமான் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், கடைக்காரர் முதலில் சொல்கிற விலையை யாரும் விலையாகவே எடுத்துக்கொள்ள மாட்டார்கள். நெட்டில் மட்டும் ஏன் நம்புகிறோமோ! ஈபே என்ற விற்பனைத் தளத்தில் தேடும்போது 'விற்று முடிந்தவை' என்று மட்டும் பிரித்துப் பார்க்க வழி இருக்கிறது. அதில் வருவதுதான் யாரோ பையைத் திறந்து கொடுத்த பணம். அங்கேயும் விலைமேல் கோடு அடித்திருந்தால், பேரம் பேசிக் குறைவாகப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

ஆனால் எதைத் தேடுவது? 'பழைய சீக்கோ' என்று போட்டால் ஊரிலுள்ள அத்தனை சீக்கோவும் வரும். அதற்குத்தான் வாட்சைத் திருப்ப வேண்டும். பின்மூடியில் இரண்டு எண் இருக்கும். ஒன்று 7009 என்று தொடங்கி, கோடு போட்டு இன்னொரு நாலு இலக்கம். முன்னது மிஷின், பின்னது கேஸ், அதாவது வெளிக்கூடு. இதை முழுசாக அடித்துத் தேடினால்தான் உங்கள் வாட்சின் உடன்பிறப்புகள் கிடைக்கும். இன்னொன்று ஆறு இலக்க வரிசை எண். அதில் முதல் எண் வருஷத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். அக்டோபருக்கு 0, நவம்பருக்கு 'என்', டிசம்பருக்கு 'டி'. தம்பியின் வாட்சில் 8, 4. அதாவது எட்டில் முடிகிற ஒரு வருஷத்தின் ஏப்ரல்.

1978-ஆ, 1988-ஆ? 7009 இரண்டு காலத்திலும் வந்த மிஷின். வாட்சைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நான் ஜம்பம் அடிக்கவில்லை. "அப்பா கல்யாண போட்டோ வீட்ல இருக்கா தம்பி?" என்று கேட்டேன். மறுநாள் கொண்டுவந்தார். 1981, இராயபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் எடுத்தது. மாலைக்குக் கீழே இடது மணிக்கட்டில் அதே வாட்ச், லென்ஸ் வைத்துப் பார்த்தால் நாலு மணியில் குமிழ்கூடத் தெரிகிறது. வெளிநாட்டுச் சாமான் விற்கும் பர்மா பஜாரில் வாங்கியதாக அவர் அம்மா சொன்னாராம். நம்ம அரசாங்கக் கம்பெனி எச்.எம்.டி.யை விட்டால் பர்மா பஜார் என்றிருந்த காலம் அது. பழைய பில், டப்பா, இப்படி ஒரு போட்டோ, இதெல்லாம் வாங்குகிறவருக்கு நம்பிக்கை தரும். குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

பிறகு மூடியைத் திறந்தேன். பின்மூடியில் 7009, மிஷினில் 7009, டயலின் அடி ஓரத்தில் கடுகைவிடப் பொடியாக அச்சடித்த எழுத்திலும் 7009. மூன்றும் ஒத்துப்போனதும் எனக்கே சந்தோஷம். ஏனென்றால் இன்று நெட்டில் பளிச்சென்று மயில் நீலத்திலும் ஆரஞ்சிலும் வருகிற பழைய சீக்கோக்களில் பாதிக்கு மேல், என் கணக்கில், ஒரு வாட்சின் கேஸ், இன்னொன்றின் மிஷின், ஏதோ பட்டறையில் பூசிய டயல். அந்தப் பொடி எழுத்து அங்கே இருக்காது, இருந்தாலும் மை பரவியிருக்கும். எச்.எம்.டி.யின் ஜனதா, பைலட் மாடல்களிலும் இதே கதைதான். எச்.எம்.டி. 1961-இல் வாட்ச் செய்யத் தொடங்கியது. அந்தக் கம்பெனியை மூடப்போகிறார்கள் என்று செய்தி வந்ததும் எல்லாரும் அதன் வாட்சைத் தேடினார்கள். தேடுகிறவர்கள் கூடினால் ஒட்டுப்போடுகிறவர்களும் கூடத்தானே செய்வார்கள்.

தம்பியின் பெண் போனில் தேடிக் கொடுத்தாள். விற்று முடிந்தவற்றில், நம்மதைப் போலவே டயல் லேசாகப் பழுத்து, கண்ணாடியில் கீறலோடு இருந்தவை நாலாயிரத்திலிருந்து ஏழாயிரம் வரை போயிருந்தன. ஒன்று மட்டும் பதினாலாயிரம், டப்பாவோடு, கட்டாத வாட்ச். அதை ஒதுக்கினோம். ஐந்தரை என்று வைத்தோம். கமிஷன், கூரியர் போக நாலரைக்குக் குறைந்தால் கொடுக்க வேண்டாம் என்றேன். சர்வீஸும் வேண்டாம் என்றேன். போடுகிற ஆயிரத்துச் சொச்சம் விலையில் திரும்ப வராது, சேகரிக்கிறவர்கள் தங்கள் மெக்கானிக்கிடம்தான் கொடுப்பார்கள். என் வாயால் நானே என் வரும்படியைக் கெடுத்துக்கொண்டேன்!

தங்க நிற வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. '20 மைக்ரான்' என்று இருந்தால் அது முலாம், ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு. அதை உருக்கக் கொண்டுபோகாதீர்கள். பழைய சுவிஸ் வாட்சின் கேஸில் அணில் முத்திரை இருந்தால் 14 காரட், பெண் தலை இருந்தால் 18 காரட். அப்போது தங்க விலை வேறு, வாட்ச் விலை வேறு, இரண்டையும் விசாரியுங்கள். இருட்டில் மின்னுவதற்காக முள்ளில் தடவிய ரேடியம் 1960-கள் வரை செய்த வாட்சில் இருக்கலாம். மின்னுவது நின்றுபோனாலும் ரேடியம் அங்கேயே இருக்கும், சுரண்டக் கூடாது.

பாலிஷ் விஷயத்தைக் கடைசிக்கு வைத்ததற்குக் காரணம் உண்டு. 1989-இல் பெரம்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், பேத்தி கல்யாணத்துக்குக் கட்ட வேண்டும் என்று வெஸ்ட் எண்ட் கம்பெனியின் 'சோவார் பிரைமா' என்ற பழைய வாட்சைக் கொண்டுவந்தார். "புதுசாட்டம் பண்ணிக் குடுப்பா." கேஸைச் சக்கரத்தில் கொடுத்துத் தேய்த்தேன், கூர்முனைகள் எல்லாம் சோப்பு மாதிரி வழவழவென்று ஆகிவிட்டன. டயலை மின்ட் தெருப் பக்கம் பூசுகிறவரிடம் கொடுத்து, பழைய பூச்சைக் கழுவி, புதுசாகக் கறுப்பில் அச்சடித்து வாங்கினேன். பெரியவர் சந்தோஷமாகப் பத்து ரூபாய் கூடவே கொடுத்தார். அந்தக் காலத்தில் நூற்றுக்கணக்கில் அப்படிச் செய்திருக்கிறேன். கெடுக்கிறோம் என்று யாருக்கும் தெரியாது.

இந்த வருஷம் பொங்கல் கழித்து அவருடைய கொள்ளுப்பேரன் அதே வாட்சைக் கொண்டுவந்தான், விலை சொல்லுங்கள் என்று. பின்மூடியின் உட்புறத்தில், சர்வீஸ் செய்த தேதியை ஊசியால் கீறி வைப்பது எங்கள் வழக்கம். திறந்தேன். என் கீறல். மாதம், வருஷம், என் பெயரின் முதல் எழுத்து.

டயல் தொடாமல் இருந்திருந்தால் இரண்டு மடங்காவது வந்திருக்கும் என்று அவனிடம் சொன்னேன். கெடுத்தது நான்தான் என்றும் சொன்னேன். சிரித்தான். மூடியின் உட்புறத்தையும் சேர்த்து ஆறு போட்டோ எடுத்து, டயல் மறுபூச்சு, கேஸ் தேய்த்தது என்று உள்ளபடி எழுதச் சொன்னேன். நாலு நாளில் திருச்சிக்காரர் ஒருவர் மூவாயிரத்து இருநூறுக்கு எடுத்துக்கொண்டார். அவர் என் நம்பரை வாங்கிப் போன் செய்தார். திட்டப் போகிறார் என்றுதான் எடுத்தேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "பூசறதுக்கு முன்னாடி டயல் என்ன கலருங்க இருந்துச்சு?"

நல்லவேளை, ஞாபகம் இருந்தது. வெள்ளை. மோர் நிறத்துக்குப் பழுத்த வெள்ளை, ஆறு மணிக்குப் பக்கத்தில் மட்டும் ஒரு டீக்கறை மாதிரி.