அம்மாவின் நோட்டில் இரண்டு பக்கங்கள்

நடுவர் அவர்களே, ராயபுரத்துப் பெரியோர்களே, வணக்கம். அரசு வாங்கும் கடனில் பார்க்க வேண்டியது அளவையா, பயனையா என்ற வழக்கில், பயனையே என்று வாதாட வந்திருக்கிறேன்.

2021-இல் தமிழக அரசு தன் நிதிநிலை பற்றி வெளியிட்ட வெள்ளை அறிக்கையை எதிரணி நண்பர் எடுத்துக்காட்டி, ஒவ்வொரு குடும்பத்தின் தலையிலும் 2,63,976 ரூபாய் கடன் இருப்பதாகச் சொன்னார். எண் சரிதான். ஆனால் 2011-12, 2012-13 ஆகிய ஆண்டுகளில் வருவாய் உபரி, அதாவது அன்றாடச் செலவு போக மிச்சம், வைத்திருந்த மாநிலம், 2013-14 முதல் அன்றாடச் செலவுக்கே கடன் வாங்கும் நிலைக்கு வந்ததை அவர் சொல்லவில்லை. நோய் அங்கேதான் இருக்கிறது. மொத்தத் தொகையைக் குடும்பங்களால் வகுத்துப் பார்த்தால் அது தெரியாது.

என் அம்மா காசிமேட்டில் மீன் விற்றவர். விடியற்காலையில் தண்டலுக்குக் கடன் வாங்கி ஏலத்தில் கூடை எடுப்பார். எழுதப் படிக்கத் தெரியாததால் கணக்கை என்னிடம் சொல்லி எழுத வைப்பார்: நோட்டின் ஒரு பக்கம் மீனுக்கு வாங்கியது, மறுபக்கம் வீட்டுக்கு வாங்கியது. மீன் பக்கம் எவ்வளவு நீண்டாலும் கவலைப்பட மாட்டார். அரிசிக்கு வாங்கியது நீண்டால் அன்றிரவு அவருக்குத் தூக்கம் இருக்காது. ஒருமுறை என் பள்ளிக் கட்டணத்தை நான் வீட்டுப் பக்கத்தில் எழுதியபோது, அதை அடித்துவிட்டு மீன் பக்கத்தில் எழுதச் சொன்னார்.

அரசுக் கணக்கிலும், சொத்தாக நிற்கும் செலவுக்கு மூலதனம், அன்றாடச் செலவுக்கு வருவாய் என்று இரண்டு பக்கங்கள் உண்டு. பாலம் முதல் பக்கத்தில் வரும்; ஆசிரியர் சம்பளமும் சத்துணவும் இரண்டாவது பக்கத்தில் வரும். அதனால் அவை வீண் செலவாகிவிடுமா? பழைய வண்ணாரப்பேட்டையில் எவர் பெயரில் கல்லூரி நிற்கிறதோ, அந்தத் தியாகராயர் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோதுதான், 1920-இல், ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் சிற்றுண்டி தர முடிவானது. அந்தச் செலவைக் கல்வி நிதியில் எழுத அன்றைய அரசு ஒப்பவில்லை. 1925-இல் திட்டம் நின்றது. எந்தப் பக்கத்தில் எழுதுவது என்ற தகராறில் பிள்ளைகளின் தட்டு காலியானதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அளவை மட்டும் பேசுவது கட்சிகளுக்கு வசதி. 2001-இல் ஆட்சிக்கு வந்த அதிமுக அரசு, முந்தைய ஆட்சி கஜானாவைக் காலி செய்ததாக வெள்ளை அறிக்கை வைத்தது. 2021-இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசும் அதையே செய்தது. எதிர்வரிசையில் அமரும்போது கடனைப் பாவம் என்பவர்கள், ஆளும் வரிசைக்கு மாறியதும் அதையே வளர்ச்சி என்கிறார்கள். எதற்கு வாங்கினீர்கள், அது எதைத் திருப்பித் தந்தது என்று கேட்டால் இரு வரிசையினரும் ஒரே கணக்கைக் காட்டித்தான் ஆக வேண்டும்.

செலவைக் குறைக்கச் சொல்லும் எதிரணியினரை நடுவர் வழியாகக் கேட்கிறேன்: எந்தச் செலவை என்று இந்த மேடையிலேயே பெயர் சொல்லுங்கள்.